அண்ணன் பேருக்கு எழுதிய மாத்திரை

தலைநகரத்தின் ஜோங்நோ கடைத்தெருவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வருகிற ஆண்கள் இரண்டு வகை. வெயிலுக்குப் போட்டவன் விதைக்கடைக்குப் போவான். மேகமூட்டத்திலும் போட்டிருப்பவன் மருந்துக்கடைக்குப் போவான். அந்தத் தெருவில் முப்பது வருடமாக விதைக்கடை வைத்திருக்கும் மா பொங்சிக்குக்கு ஆளைத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். மாடிக்கு மாடி டாக்டர், கீழே மருந்துக்கடை. முடி கொட்டுகிறவர்கள் தெற்குக் கோடிப் பூசானிலிருந்தெல்லாம் ரயிலேறி வருவார்கள். டாக்டர் தலையைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார், சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிடுவார். வந்தவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டுப் போகிறவன் மாதிரி ஓடுவான்.

பொங்சிக்கின் தலை முப்பது வயதிலேயே காலி. அவர் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. வழுக்கைத் தலையைப் பார்த்தால் "ஓசியில ரொம்பத் தின்னியோ" என்று கேட்பது அந்த ஊர்க் கேலி, ஓசிக்கு ஆசைப்பட்டால் முடி கொட்டும் என்பார்கள். யாராவது கேட்டால், "தின்னேன், உனக்குத்தான் மிச்சம் வைக்கல" என்று சொல்லிவிட்டு விதையை நிறுத்துக் கொடுப்பார்.

தம்பி தேசிக் அப்படி இல்லை. எட்டு வயது இளையவன், லிஃப்ட் விற்கும் கம்பெனியில் பெரிய பொறுப்பு, சட்டைக் கசங்கல் கூடப் பொறுக்காதவன். அவனுடைய மகள் யேரின் முதல் வகுப்பில் இருந்தபோது பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனான். ஓர் ஆசிரியை ஓடிவந்து, "தாத்தா, உங்களுக்கு நிழல்ல நாற்காலி போட்டிருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அப்போது அவனுக்கு நாற்பது ஆகவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் பிள்ளை அழுதது. அடுத்த வருடம் அம்மா மட்டும் வந்தால் போதும் என்றது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம் மட்டும் ஒரு முறை சொன்னான். சொல்லும்போது சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்து பார்க்காதது கிடையாது. கறுப்பு சோயாவைக் கிலோ கிலோவாக வேகவைத்துத் தின்றான். முள் தூரிகையால் மண்டையைத் தட்டித் தட்டிப் புண்ணாக்கிக்கொண்டான். கடைசியில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு முடி நடும் ஆஸ்பத்திரிக்கு அண்ணனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தியைப் பார்க்க வேண்டும். அவள் தம்பியின் தலையைக் கேமராவில் காட்டி, பென்சிலால் நெற்றியில் கோடு போட்டாள்.

"பின்னந்தலையில இருந்து எடுத்து முன்னால நடுவோம் சார். நட்டது விழாது, அதுக்கு நாங்க பொறுப்பு. நடாம ஏற்கெனவே இருக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்ல. அதைக் காப்பாத்த மாத்திரை இருக்கு. ஒரு நாள் விடாம, ஆயுசு பூரா முழுங்கணும். நிறுத்தினீங்கன்னா பின்னால இருக்கிறதெல்லாம் போயிரும், முன்னால மட்டும் ஒரு வரிசை நிக்கும்."

"வேலி மட்டும் நிக்கும், உள்ள பயிர் இருக்காது. அதானே?" என்றார் பொங்சிக்.

"அண்ணே, சும்மா இரு."

"இல்லடா, எனக்குத் தெரிஞ்ச தொழில்தானே."

அவர்கள் பேச்சில் நாற்றுக்கும் மயிருக்கும் ஒரே சொல்தான், 'மோ'. நாற்று விற்கிறவர் மயிர் நடும் இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பாரா? நடவு கூலி எவ்வளவு, களை யார் எடுப்பார்கள் என்று கேட்டு அந்தப் பெண்ணைச் சிரிக்கவைத்தார். தம்பி சிரிக்கவில்லை. கண்ணாடியில் அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடவு முடிந்த பிறகு கம்பெனிப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த அண்ணன் அறையில் முகம் வீங்கிப் படுத்துக்கிடந்தான். பொங்சிக்கின் மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம், பிள்ளையும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே உறவு இவன். கஞ்சி வைத்துக் கொடுத்தார், படுக்கும்போது தலை தலையணையில் உரசாமல் கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்தார்.

மாத்திரைக்குத்தான் வழி வேண்டியிருந்தது. தேசிக்கின் மனைவி உன்சில் வீட்டின் வரிக்கணக்கைத் தானே போடுகிறவள். வருடக் கடைசியில் வரிச்சலுகைக்காக வரும் பட்டியலில் யார் எந்த டாக்டரிடம் போனார்கள், எந்த மருந்துக்கடையில் வாங்கினார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால் இவன் பேரில் சீட்டு எழுதக் கூடாது. புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கிழவர்கள் சாப்பிடும் மாத்திரையும் முடிக்குக் கொடுக்கும் மாத்திரையும் ஒரே மருந்து, அளவுதான் வேறு என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பொங்சிக் மாடி ஏறி, "ராத்திரியெல்லாம் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சுக்கிட்டே இருக்கேன் டாக்டர்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். சுத்தப் பொய். படுத்தால் விடியும்வரை அசையாத மனுஷன் அவர். அரசாங்கக் காப்பீட்டில் மாத்திரை கிடைத்தது.

சனிக்கிழமைகளில் தேசிக் கடைக்கு வருவான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வெட்டுக்கருவியால் ஒவ்வொரு மாத்திரையையும் நாலாக வெட்டி, வைட்டமின் புட்டியில் போட்டுக்கொள்வான். வெட்டியதும் அண்ணனும் தம்பியும் சந்தைக்குப் போய்ப் பயறு அடையும் அரிசிக் கள்ளும் சாப்பிடுவார்கள்.

"என் புரோஸ்டேட்டை உன் தலையில தூக்கிவச்சிருக்கேன்டா" என்பார் பொங்சிக்.

"நல்லா வளருதுல்ல?" என்று தேசிக் தலையைக் கோதுவான்.

நன்றாகத்தான் வளர்ந்தது. ஆறேழு வருடம் இப்படிப் போயிற்று. அண்ணனுக்கு அது ஏமாற்று வேலையாகவே தோன்றவில்லை, தம்பிக்குச் செய்கிற உபகாரமாகத் தோன்றியது. சனிக்கிழமையை நினைத்துத்தான் அவருக்கு வாரமே நகர்ந்தது.

மிளகாய் நாற்று வந்திறங்கிய ஒரு வசந்தத்தில், மாடியில் பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். இவர் தலையை நிமிர்ந்து பார்க்கிற ரகம். எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுவாரம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஐயா, புரோஸ்டேட்ல புற்று இருக்கான்னு பாக்க ரத்தத்துல ஒரு அளவு பாப்போம். நாலுக்குக் கீழ இருந்தா சரி. உங்களுக்கு ஒண்ணரை காட்டுது."

"அப்போ நல்லதுதானே?"

"பொறுங்க. நீங்க சாப்பிடுற மாத்திரை அந்த அளவைப் பாதியாக் காட்டும். அதனால ரெண்டால பெருக்கிப் பாக்கணும். உங்களுக்கு மூணு. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா வேற எங்க பரிசோதனைக்குப் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுறேன்னு மறக்காம சொல்லிருங்க. சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாது, நல்லா இருக்குன்னு அனுப்பிருவாங்க."

பொங்சிக் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினார். தனக்கு ஒண்ணரை ஒண்ணரைதான், ஒரு மாத்திரையும் தன் தொண்டையில் இறங்கியதில்லை என்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பாதிப் படியில் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த மாதம்தான் தேசிக் கம்பெனிப் பரிசோதனை முடித்துவிட்டு வந்து, எல்லாம் ஜோர், புரோஸ்டேட் கூட மூன்றரைதான் என்று அடையைப் பிய்த்துக்கொண்டே சொல்லியிருந்தான். போன வருடம் மூன்று என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. மூன்றரையை இரண்டால் பெருக்கினால் ஏழு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சரியான எச்சரிக்கையைச் சரியான பேருக்குத்தான் சொல்லியிருந்தார், உடம்புதான் வேறு.

உடனே போன் போட்டார். அன்று சனிக்கிழமை இல்லை, ஆனாலும் சாயங்காலம் தேசிக் வந்தான். நாற்றுத் தட்டுகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

தேசிக் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு, "நான் சாப்பிடுறது கால் துண்டுதானே அண்ணே. அது எப்படி அவ்வளவு பண்ணும்?" என்றான்.

"எனக்கென்னடா தெரியும்? வா, மாடிக்குப் போவோம். அவர்கிட்டயே கேப்போம்."

"அவர்கிட்ட போய் என்னன்னு சொல்ல? உங்க மாத்திரையை இவர் சாப்பிடல, நான் சாப்பிடுறேன்னா? காப்பீட்டு ஆபீஸ்ல இத்தனை வருஷத்துக்கும் சேத்து உன்கிட்ட வசூல் பண்ணுவான். கேஸ் போடுவான். கடையை மூடிட்டு நீ எங்க போவ?"

பொங்சிக் இதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. படியில் உட்கார்ந்திருந்தபோதே நினைத்தார்.

"அப்போ வேற டாக்டர்கிட்ட போ. உன் பேர்லயே போ. மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லு."

"போனா உன்சிலுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டுமே. பொண்டாட்டிதானே?"

"நீ பேசுவ. உனக்குத் தலையைப் பத்திக் கவலை கிடையாது." தேசிக் எழுந்து நின்றுகொண்டான். "டாக்டர் என்ன சொல்வாரு? மாத்திரையை நிறுத்து, ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்பாரு. ஆறு மாசத்துல பின்னால எல்லாம் கொட்டிரும். இலையுதிர் காலத்துல யேரினுக்குக் கல்யாணம். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான் நடந்து போகணும் அண்ணே. அத்தனை பேர் பாப்பாங்க, அத்தனை வெளிச்சம் இருக்கும். அன்னிக்கு ஒரு நாள் அவளுக்கு நான் தாத்தாவா நிக்கக் கூடாது."

இனிமேல் மாத்திரை வாங்கித் தரமாட்டேன் என்றார் பொங்சிக். தேசிக் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைக் காட்டினான். எதிர்வரிசை முழுக்க மருந்துக்கடை.

"அப்போ உன்சில்கிட்ட நானே சொல்றேன்."

"சொல்லு. அன்னிக்கோட நமக்குள்ள முடிஞ்சுது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அவனே போன் செய்து, முடி ஆஸ்பத்திரியில் அந்த ஆலோசனைப் பெண்ணிடம் விசாரித்ததாகச் சொன்னான். முடிக்குச் சாப்பிடும் அளவு ரொம்பக் குறைச்சல், அதெல்லாம் கிழவர்களுக்கு, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றாளாம். பொங்சிக் அதை நம்பினார். நம்பினார் என்று சொல்வதும் சரியில்லை, நம்பிக்கொள்ள ஆசைப்பட்டார். பென்சிலால் கோடு போடுகிறவளுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. ஆனால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்டால் காப்பீட்டு ஆபீஸ் இல்லை, கேஸ் இல்லை, சனிக்கிழமையும் கையை விட்டுப் போகாது. அடுத்த சனிக்கிழமை தம்பி வந்தான். அண்ணன் மாத்திரையை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். கல்யாணம் முடிந்த மறுநாளே டாக்டரிடம் போவதாக அவன் வாக்குக் கொடுத்தான்.

கல்யாணம் அந்த இலையுதிர் காலத்தில் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மண்டபம் கிடைக்காமல் அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போயிற்று. பொங்சிக் ஒவ்வொரு மாதமும் ஒரு முறை வாயைத் திறப்பார். "அதான் சொல்லியாச்சே அண்ணே" என்று தம்பி மூடிவிடுவான். கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் இருந்தபோது உடம்புக்கும் மனதுக்கும் சுகமாக இருந்தது என்பதுதான் கேவலம்.

கல்யாணத்தன்று தேசிக் கறுப்புக் கோட்டில் மகளைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். விளக்கு வெளிச்சம் தலையில் கொட்டியது. அடர்த்தியான, நெற்றியில் அழகாக விழுகிற முடி. பக்கத்து மேஜையில் யாரோ, பெண்ணின் அண்ணனா என்று கேட்டார்கள். கேட்டவர்களைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது பொங்சிக்குக்கு. மகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியவன் நாற்காலியில் உட்காருமுன் இடுப்பில் கையை வைத்து, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல இறங்குவதையும் அவர்தான் பார்த்தார்.

"என்னடா முதுகு?"

"புது ஷூ. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

ஷூவைக் கழற்றியும் வலி போகவில்லை. எலும்பு வைத்தியரிடம் போனான், ஊசி குத்திக்கொண்டான், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். டாக்டரிடம் போய்விட்டதாகவும் எல்லாம் சரி என்றாரென்றும் அண்ணனிடம் சொன்னான். எந்த டாக்டர் என்று பொங்சிக் கேட்கவில்லை. மழைக்காலம் முடியும்போது அவனால் அலுவலகப் படி ஏற முடியவில்லை. உன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவிவிட்டது என்றார்கள். வேர் எங்கே என்று பார்த்தால் புரோஸ்டேட்.

விவரம் சொல்லக் கூப்பிட்ட அன்று பொங்சிக்கும் போனார். டாக்டர் நரைத்த தலைப் பெண்மணி. திரையில் பழைய அளவுகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இதுதான் புரியல. வருஷா வருஷம் பாத்திருக்கீங்க. ஒரு தடவை கூட நாலைத் தாண்டல. தொடர்ந்து மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா?"

"வைட்டமின் மட்டும்தான்" என்றான் தேசிக்.

அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. உன்சில் அவனுக்குப் பக்கத்தில் அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்று பொங்சிக்குக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பின்மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"வைட்டமின் இல்லம்மா" என்றார். "புரோஸ்டேட் மாத்திரை. நாலா வெட்டி, முடிக்காகச் சாப்பிடுறான். எட்டு வருஷமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. "கால் துண்டும் அதே வேலையைத்தான் செய்யும், அளவைப் பாதியாத்தான் காட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு இனிமேல் செய்யவேண்டியதைப் பற்றி, ஊசியைப் பற்றி, வலி மருந்தைப் பற்றிப் பேசினார். குணமாகும் என்ற சொல்லை ஒரு முறையும் சொல்லவில்லை. தேசிக் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மேலேயிருந்து பார்த்தால் உச்சியில் ஓர் இடம்கூடச் சொட்டையில்லை.

இன்னொரு படம் எடுக்க அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நடையில் உன்சிலும் பொங்சிக்கும் மட்டும் இருந்தார்கள். அவள் கோட்டை ஒழுங்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"முடி நட்டது எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள். "கூடப் படுக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா? பின்னந்தலை முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கும், தடவினா கைக்குத் தெரியும். அவரா சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஆசையா வச்சிருக்காரு, நான் எதுக்குக் கெடுக்கணும்? மாத்திரைதான் எனக்குத் தெரியாது."

பொங்சிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கணக்குல வரவே இல்லையே. யார் பேர்ல வாங்குனாரு?"

"என் பேர்லம்மா. எனக்கு வியாதின்னு சொல்லி வாங்கினேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். வரிக்கணக்குப் போடுகிறவள், எதையும் வரிசையாகத்தான் யோசிப்பாள்.

"அப்போ அந்த டாக்டர் உங்களைத்தானே கூப்பிட்டுச் சொல்லியிருப்பாரு? இந்த மாத்திரை சாப்பிட்டா அளவு பாதியாக் காட்டும்னு."

இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அதைச் சரிபார்க்க வழி கிடையாது.

"சொன்னாரு."

"எப்போ?"

"போன வருஷம். மிளகாய் நாத்து வந்த சமயம்."

உன்சில் கோட்டின் மடிப்பைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை.

"அந்தச் சமயத்துல அவருக்கு முதுகே வலிக்கல அத்தான்" என்றாள்.